10,000 டாலர் போட்டா 10,300 டாலர் வட்டியா? யாருமே படிச்சுப் பார்க்காத செய்தி!

(திரையில்: கட்டுரையின் ஒரு வரி, மஞ்சள் கோட்டோடு)

வணக்கம் மக்களே! பேங்க்ல 10,000 டாலர் போடுறீங்க, வருஷத்துக்கு 3% வட்டி. முதல் வருஷம் எவ்வளவு வட்டி வரும்? 300 டாலர். அஞ்சாம் கிளாஸ் பிள்ளை சொல்லிடும். ஆனா சிநெட்ங்கிற பெரிய அமெரிக்கத் தளம் 10,300 டாலர் கிடைக்கும்னு எழுதுச்சு. அசலையும் வட்டியில சேர்த்துட்டாங்க. அதுவும் கூட்டுவட்டின்னா என்னன்னு சொல்லிக்கொடுக்கிற கட்டுரையில!

2022 நவம்பர்ல இருந்து ஏஐ எழுதின கட்டுரைகளைச் சத்தமில்லாம போட்டிருக்காங்க. 2023 ஜனவரியில விஷயம் வெளியே வந்துச்சு. 77 கட்டுரையை மறுபடி பார்த்ததுல 41-க்குத் திருத்தம் போட வேண்டியதாச்சு.

எல்லாரும் ஏஐயைத் திட்டினாங்க. எனக்குக் கோபம் வேற இடத்துல. 'எங்க எடிட்டர் முழுசா சரிபார்த்தார்'னு அந்தக் கட்டுரைகள்லயே குறிப்பு இருந்துச்சு. மெஷினும் தப்பு விடும், நிருபரும் தப்பு விடுவார். அதைப் பிடிக்கத்தான் சப்-எடிட்டர், ப்ரூஃப் ரீடர்னு ஆட்களை வச்சாங்க. செலவைக் குறைக்கணும்னா முதல்ல கை வைக்கிறதும் அவங்க மேலதான். 2017-ல நியூயார்க் டைம்ஸ் தன்னோட காப்பி டெஸ்க்கை, அதாவது செய்தியைப் போடுறதுக்கு முன்னாடி சரிபார்க்கிற பிரிவைக் கலைச்சப்போ ஊழியர்கள் தெருவுக்கு வந்தாங்க. 'இந்த அட்டை எடிட் செய்யப்படவில்லை'ன்னு, வேணும்னே எழுத்தை மாத்திப் போட்டு ஒரு அட்டை பிடிச்சாங்க!

(திரையில்: 'வேலை கொடு' / 'வேலைக் கொடு')

தமிழ்ல ஒரு ஒற்று போதும். 'வேலை கொடு'ன்னா உத்தியோகம் கேக்குறோம். ஒரு 'க்' சேருங்க, 'வேலைக் கொடு'. இப்போ முருகன் கையில இருக்கிற வேலைக் கேக்குறோம்! 'கீரை கடை' அம்மா அடுப்படியில சொல்றது, 'கீரைக்கடை' சந்தையில இருக்கிறது. எவ்வளவு அழகான மொழி! நம்ம செய்தித் தளங்கள்ல இந்த ஒற்று படுற பாட்டைத் தினமும் பார்க்குறீங்க.

நானும் ஒரு செய்தித் தளத்துல வேலை பார்த்தேன். நாளைக்கு 20 செய்தி டார்கெட். எழுதினவரே பப்ளிஷ் பட்டனை அமுக்கணும், டெஸ்க்னு ஒண்ணு கிடையாது. ஒருநாள் விபத்துல காயம்பட்டவரை 'பலி'ன்னு தலைப்புல போட்டுட்டேன். அவரோட தம்பி போன் பண்ணினார்: "அண்ணன் ஐசியூல உசுரோட இருக்கார் சார். அம்மா உங்க செய்தியைப் பார்த்து மயங்கி விழுந்துட்டாங்க."

அஞ்சே நிமிஷத்துல தலைப்பை மாத்தினோம். 'திருத்தம்'னு ஒரு வரி போடலாம்னு கேட்டேன், வேண்டாம்னுட்டாங்க. அந்த அம்மாகிட்ட யாரும் மன்னிப்புக் கேக்கல. நானும் கேக்கல.

அதனால கேக்குறேன் மக்களே. ஒரு செய்தி சத்தமில்லாம மாறினதைப் பார்த்தா ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. திருத்தக் குறிப்பு எங்கேன்னு அந்தத் தளத்துக்கே எழுதிக் கேளுங்க. பதில் வந்தாலும் வராட்டியும் கமெண்ட்ல சொல்லுங்க.