கரைசல் சிவந்த பிறகு

அனைவருக்கும் வணக்கம்.

‘லஞ்சம் வாங்கிய வி.ஏ.ஓ. கையும் களவுமாகக் கைது.’ இந்தச் செய்தியைப் படித்ததும், சரி, ஒருவன் மாட்டினான் என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அதற்கு அப்புறம் நடப்பதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

1964-ல் தொடங்கப்பட்ட நம் லஞ்ச ஒழிப்புத் துறை, பொறிவைத்துப் பிடிப்பதில் தேர்ந்த துறை. புகார்தாரர் கொண்டுவரும் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு பினாப்தலீன் பொடி தடவுவார்கள். சாட்சிக்கு வேறு துறை ஊழியர்கள் இருவர். பணம் கைமாறியதும், வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைக்கச் சொல்வார்கள். கரைசல் இளஞ்சிவப்பாகும். அதைப் பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

ஆனால், அந்தச் சிவப்பு நிறம் அவர் பணத்தைத் தொட்டார் என்று மட்டுமே சொல்லும். ‘கைமாற்றாகக் கொடுத்ததைத்தான் திருப்பித் தந்தார்’ என்பார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். கேட்டுத்தான் வாங்கினார் என்று கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியவர் புகார்தாரர். இரண்டு ஆண்டுக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது ஊழல் தடுப்புச் சட்டம். நடப்பதோ வேறு. இடையில் புகார்தாரருக்கு அதே அலுவலகத்தில் பட்டா, சான்றிதழ் என்று ஏதாவது வேலை இருக்கும். தெரிந்தவர்கள் வந்து சமரசம் பேசுவார்கள். கடைசியில் அவர் முதலில் சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லி, பிறழ்சாட்சி ஆகிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, புகார்தாரர் இறந்தாலும் பிறழ்ந்தாலும் மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலைச் சான்றுகளையும் கொண்டு குற்றத்தை நிரூபிக்கலாம் என்றது. பெரிய ஆறுதல்தான். ஆனாலும் அவரே நின்று சொல்வதற்கு ஈடு இல்லை.

இன்னொன்று. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு. கட்டாயத்தால் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும், அப்போதுதான் பாதுகாப்பு. இதை உங்கள் தெருவில் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அதே திருத்தம், அதிகாரிகள் எடுத்த முடிவுகளை விசாரிக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்றும் சொல்கிறது. கையும் களவுமாகப் பிடிபடுவோருக்கு அந்தக் கவசம் கிடையாது. கோப்பில் கையெழுத்துப் போட்டுத் தப்பிப்பவர்களுக்கு இது நல்ல அரண் என்பதே என் கருத்து.

அரசிடம் நான் கேட்பது ஒன்றுதான். புகார் கொடுத்தவர் எந்த வேலைக்காக அந்த அலுவலகத்துக்குப் போனாரோ, அதை வேறொரு அதிகாரி முப்பது நாளுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஓர் ஆணை போடுங்கள். வழக்கு முடியும்வரை அவருடைய மனுக்கள் எல்லாம் அந்த அதிகாரி வழியாகவே போகட்டும்.