ஆஸ்திக்கு ஐந்து ஆண்கள்

அவைத்தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, சால்வை போர்த்திய வட்டாட்சியர் அம்மா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்துப் பிரபு வில்லியம் மார்ஷலைப் பற்றி மூன்று செய்திகள்: வீரம், குடும்பம், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனம்.

"ஆசைக்கு ஒரு பெண், ஆஸ்திக்கு ஓர் ஆண்" என்பார்கள். வில்லியமின் அப்பா ஜானுக்கு ஆஸ்திக்கு ஆண்கள் நிறையவே உண்டு. 1152-இல் ஸ்டீபன் மன்னர் ஜானின் நியூபரி கோட்டையை முற்றுகையிட்டார். சரணடைய அவகாசம் கேட்டு, ஐந்தாறு வயது வில்லியமைப் பிணையாக அனுப்பிவிட்டு, கிடைத்த அவகாசத்தில் கோட்டைக்குள் ஆளையும் தானியத்தையும் சேர்த்துவிட்டார் ஜான். "பையனைத் தூக்கில் போடுவோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பன் சொன்ன பதில்? "போடுங்கள். சம்மட்டியும் பட்டடையும் என்னிடம் இருக்கின்றன, இதைவிட நல்ல பிள்ளைகளாக அடித்துக்கொள்கிறேன்!" (சிரிப்பு) பழைய பிரெஞ்சுக் கவிதை ஒன்று இதைச் சொல்கிறது. பையனோ, தூக்குமரத்துக்குப் போகிற வழியில் ஒரு பிரபுவின் கையிலிருந்த ஈட்டியைப் பார்த்து, "எனக்குத் தாங்களேன்" என்று கேட்டானாம். மன்னர் உருகிவிட்டார். அப்புறம் கூடாரத்தில் செடித் தண்டுகளை வீரர்களாக்கி இருவரும் சண்டை விளையாடினார்களாம்! (கைதட்டல்)

அந்த இளைய மகன் 1189-இல் இசபெல்லைக் கைப்பிடித்தார். அவர் நாற்பது தாண்டியவர், அவளுக்குப் பதினேழு இருக்கலாம். அயர்லாந்தின் லெய்ன்ஸ்டரும் வேல்ஸின் செப்ஸ்டோவும் அவள் கொண்டுவந்த ஆஸ்தி. பெண்டாட்டி சொத்தில்தான் ஐயா பிரபுவானார்!

ஐந்து ஆண், ஐந்து பெண் பிறந்தார்கள். 1219-இல் அப்பா கண் மூடிய பிறகு மகன்கள் ஒருவர் பின் ஒருவராகப் பட்டத்துக்கு வந்தார்கள். வந்தவர்கள் 1231, 1234, 1241 என ஒவ்வொருவராக இறந்தார்கள், பிறகு 1245-இல் இருவர். ஐவரும் போய்விட்டார்கள், முறைப்படி வாரிசு ஒருவருக்கும் இல்லை. நிலம் ஐந்து மகள்களின் வழிக்குப் பிரிந்தது. குடும்பப் பெயருக்குக் காரணமான மார்ஷல் என்ற பரம்பரை அரசவைப் பதவியும் மூத்தவள் மெட்டில்டா வழியில் போனது. எங்கே போனான் ஆஸ்திக்கு ஓர் ஆண்?

அண்ணன் தம்பி எல்லோரும் போன பிறகுதான் பெண்ணுக்குப் பங்கு என்றது அன்றைய வழக்கம். நம் தமிழ்நாட்டில் இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில், அப்போது மணமாகாதிருந்த மகளுக்கு 1989 முதலே சம பங்கு, 2005 முதல் மணமான மகளுக்கும் உண்டு. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் நில்லுங்கள். சீர் செய்தாகிவிட்டது என்று தங்கையை உட்காரவைத்து பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். தங்கைகளே, படிக்காமல் போடாதீர்கள்!

மணி அடித்துவிட்டார் தலைவர். சரி, மாக்னா கார்ட்டாவை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்ளலாம். வாசலில் நம் வழக்கறிஞர் அம்மா ஒரு மேசை போட்டிருக்கிறார், பத்திர நகல் வைத்திருப்பவர்கள் இன்றே காட்டிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.