சட்டையைத் தூக்கிப் பாருங்கள்

வணக்கம். குழந்தை இருமுகிறது என்று தூக்கிக்கொண்டு வருகிற அம்மாக்களும் பாட்டிகளும் என்னிடம் இருமல் சத்தத்தைத்தான் விவரிப்பார்கள், சிலர் இருமியே காட்டுவார்கள், நானோ குழந்தையின் சட்டையைத் தூக்கி வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்வதைக் காதில் வாங்கவில்லையே என்று கோபம்கூட வரும். மூச்சை எண்ணுகிறேன் அம்மா, அவ்வளவுதான்.

இதை நீங்களே வீட்டில் செய்யலாம். குழந்தை அழாதபோது, தூங்கும்போது என்றால் இன்னும் நல்லது, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்க வேண்டாம், சின்னக் குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, அப்புறம் ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. அதைத் தொட்டாலே அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, பால் குடிக்க முடியவில்லை, எழுப்பினாலும் கண் திறக்கவில்லை என்றால் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

நிலக்கடலை தின்றுகொண்டிருந்த பிள்ளை திடீரெனப் புரையேறி இருமி, பிறகு சும்மாவாகிவிட்டாலும் விடாதீர்கள். கடலை மூச்சுக்குழாயில் போய் உட்கார்ந்திருக்கலாம், எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும்.

மற்றபடி, மூக்கு ஒழுகினாலும் ஓடியாடிச் சாப்பிடுகிற குழந்தைக்கு இருமல் இரண்டு வாரம்கூட இழுக்கும், தானாகப் போய்விடும். அதைத் தாண்டியும் இருமினால், எடையும் குறைந்தால், டிபி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"ஒரு சிரப்பாவது எழுதிக் கொடுங்க டாக்டர்" என்பார்கள். சளி இருமலை சிரப் குணப்படுத்துவதில்லை. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள், அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது, தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். கடையில் கேட்டு நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள்.

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் போதும். ஒரு வயதுக்குள் தேனே கூடாது, அதிலிருக்கும் கிருமி சின்னக் குழந்தையின் குடலில் வளர்ந்து கை காலைத் துவள வைத்துவிடும். சேனை வைக்கிறோம் என்று பிறந்த குழந்தையின் நாக்கில் தடவுவதும் வேண்டாம். பாட்டி கோபித்துக்கொண்டால் ரேடியோவில் டாக்டர் சொன்னார் என்று என் மேல் பழியைப் போடுங்கள்.