தாய்ப்படகுல கயாக்கோட செட்ரோஸ் தீவுக்கு: கிளம்புறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது

வணக்கம் மக்களே! சான் டியாகோல இருந்து பேசறேன். எனக்குப் பின்னாடி கராஜ் தரை முழுக்க பரப்பி வச்சிருக்கறது எல்லாமே அடுத்த வாரம் படகு ஏறப் போற சாமான். செட்ரோஸ் தீவுக்குப் போறோம், தாய்ப்படகுல, அதாவது எங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போற பெரிய படகுல, கயாக்கை (ஒரு ஆள் ஓட்டற சின்னப் படகு) ஏத்திக்கிட்டு. பல நாள் கடல்லயேதான் சாப்பாடு, தூக்கம், மீன்பிடி எல்லாம். "என்னென்ன எடுத்துட்டுப் போகணும்"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதைச் சொல்றேன். ஆனா எதுக்கு எடுத்துட்டுப் போறோம்னு புரிஞ்சாத்தான் எதை விட்டுட்டுப் போகலாம்னும் தெரியும்.

புதுசா வந்தவங்களுக்காக ஒரு நிமிஷம். செட்ரோஸ் மெக்சிகோவோட தீவு. பாஹா கலிஃபோர்னியாவுக்கு மேற்கே பசிபிக் கடல்ல இருக்கு. இங்க பாயின்ட் லோமா படகுத்துறைல இருந்து ஏறக்குறைய 300 கடல் மைல். படகு 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்துல போனாலும் ஒரு பகல், ஒரு ராத்திரி, அதுக்கு மேலயும் ஆகும். அவ்ளோ தூரம் கயாக்ல யாரும் போக முடியாது. அதனால பெரிய படகோட மேல்தளத்துல கயாக் எல்லாத்தையும் கட்டிக்கிட்டுப் போவோம். விடியக்காலைல படகு ஒரு மறைவான இடமா பாத்து நிக்கும். கயாக்கை ஒண்ணொண்ணா தண்ணில இறக்கி விடுவாங்க. கெல்ப் பாசி காடு மாதிரி வளர்ந்து நிக்கற ஓரம், அலை உடையற பாறை விளிம்பு, இங்கெல்லாம் பெரிய படகால கிட்டயே போக முடியாது. கயாக் போகும். மீனும் அங்கதான் நிக்கும்.

இப்ப நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயம். தாய்ப்படகு பக்கத்துல இருக்குங்கற தைரியத்துல யாரும் கயாக்ல இறங்காதீங்க. நீங்க கவிழ்ந்த அந்த நிமிஷத்துல படகு நங்கூரம் போட்டு நிக்கும், இல்லன்னா இன்னொருத்தர் கயாக்கைத் தூக்கிட்டு இருக்கும். நங்கூரத்தை எடுத்துட்டு உங்ககிட்ட வர நேரம் ஆகும். பாறைக்குள்ள நீங்க மாட்டியிருந்தா அதால வரவே முடியாது, சின்னப் படகைத்தான் அனுப்பணும். மூடுபனி இறங்கிட்டா அவங்க கண்ணுக்கே நீங்க தெரிய மாட்டீங்க. அதனால கரைல இருந்து தனியா கடலுக்குப் போற ஆள் எப்படித் தயார் ஆவாரோ அப்படித் தயார் ஆகுங்க. படகு இருக்கறது சோத்துக்கும் தூக்கத்துக்கும் ஐஸுக்கும். உங்க உயிருக்கு நீங்கதான் பொறுப்பு.

அதனால லூர் (பொய் இரை) வாங்கறதுக்கு முன்னாடி, ரீல் (தூண்டில் நரம்பு சுத்தற உருளை) வாங்கறதுக்கு முன்னாடி, ஒரு நாள் கயாக்கை எடுத்துட்டு இங்க சான் டியாகோல இருக்கற மிஷன் பே மாதிரி அமைதியான தண்ணிக்குப் போங்க. வேணும்னே கவிழ்த்து விடுங்க. அப்புறம் ஏறிப் பாருங்க. கயாக் தலைகீழா கிடக்கும். அடிப்பக்கம் கையைப் போட்டு எதிர் விளிம்பைப் பிடிச்சு உங்க பக்கமா இழுத்தா நிமிர்ந்துடும். நிமிர்ந்ததும் ரெண்டு காலையும் பின்னாடி நீட்டி, தண்ணியை உதைச்சு, உடம்பைப் படுக்கையாக்குங்க. அந்த வேகத்துலயே வயிறு கயாக் மேல வர்ற வரைக்கும் வழுக்கி ஏறுங்க. தொப்புள் இருக்கைக்கு மேல வந்ததும் புரண்டு உக்காருங்க, கடைசியா காலை உள்ள எடுங்க. சொல்லும்போது சுலபமா இருக்கும். லைஃப் ஜாக்கெட்டோட, அதுல வாக்கி டாக்கியும் கத்தியும் மாட்டியிருக்க, நெஞ்சு விளிம்புல தட்டும் பாருங்க, அப்பதான் எந்தச் சாமானை எந்தப் பக்கம் மாட்டணும்னு தெரியும். படகுல போட்டுக்கப் போற அதே உடையோட பண்ணுங்க. ஒரு தடவை ஏறிட்டா போதும்னு விட்டுடாதீங்க. மூச்சு வாங்கின பிறகும் ஏற முடியுதான்னு பாருங்க. முடியலன்னா, தயவுசெஞ்சு இந்த வருஷப் பயணத்தைத் தள்ளிப் போடுங்க.

உடைன்னு சொன்னேன்ல. மெக்சிகோதானே, வெயில் கொளுத்தும், ஷார்ட்ஸ் போதும்னு நினைப்பாங்க. வெயில் அடிக்கும், சரி. ஆனா வடக்கே இருந்து கலிஃபோர்னியா நீரோட்டம் குளிர்ந்த தண்ணியைத்தான் தெற்கே கொண்டு வருது. நம்ம தமிழ்நாட்டுக் கடல் மாதிரி வெதுவெதுன்னு இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க. காத்துக்கு ஏத்த மாதிரி உடுத்தாம, தண்ணிக்கு ஏத்த மாதிரி உடுத்துங்க. நான் கீழ வெட்சூட், மேல முழுக்கை வெயில் சட்டை, கழுத்தையும் முகத்தையும் மூடற துணி.

அடுத்தது கயாக்கை ஏத்தி இறக்கறது. இந்தப் பயணத்துலயே ஆபத்தான இடம் எதுன்னு கேட்டா, சுறாவும் கிடையாது, பாறையும் கிடையாது, தாய்ப்படகோட பின்பக்கத்துல இருக்கற அந்த அஞ்சடி இடம்தான். படகு ஒரு தாளத்துல ஏறி இறங்கும், கயாக் வேற தாளத்துல ஏறி இறங்கும். நடுவுல கை மாட்டினா எலும்பு தாங்காது. விளிம்பைப் பிடிக்கவே பிடிக்காதீங்க, அவங்க நீட்டற கயிறை மட்டும் பிடிங்க. முதல்ல தூண்டில் ராடுகளைக் கொடுங்க, ரீல் இருக்கற பக்கம் அவங்க கைக்குப் போற மாதிரி, கொக்கியை மாட்டி வச்சு. அப்புறம் மீன் பை. அப்புறம் பெட்டி. கடைசியா நீங்க. அலை உங்களை மேல தூக்கும் பாருங்க, அந்த உச்சில கால் எடுத்து வைங்க. கீழ இறங்கும்போது வைக்காதீங்க. மேல இருக்கற டெக்ஹேண்ட் (படகு வேலையாள்) "இப்போ"ன்னு சொல்லுவார். அவர் சொல்ற வரைக்கும் உக்காந்தே இருங்க.

இதுக்காகத்தான் நான் கயாக்கைக் காலியா வைக்கச் சொல்றேன். பெடல் வச்ச கயாக் ஒவ்வொண்ணும் 40, 50 கிலோ வரும். அதுக்குள்ள ஈயக்குண்டும் தண்ணியும் பேட்டரியும் வச்சுக் கொடுத்தீங்கன்னா தூக்கறவங்க முதுகு போயிடும். எல்லாச் சாமானும் ஒரே பெட்டிக்குள்ள, ஒரே கைல எடுத்துக் கொடுக்கற மாதிரி இருக்கட்டும். தொங்கற கயிறு எதுவும் இருக்கக் கூடாது, தூக்கும்போது எங்கயாவது சிக்கும். முன்னாடி பின்னாடி இருக்கற கைப்பிடி ஸ்க்ரூவை இப்பவே முறுக்கிப் பாருங்க. மொத்த எடையும் அதுலதான் தொங்கும்.

பாதுகாப்புச் சாமான்ல வாக்கி டாக்கிதான் முதல். தண்ணில மிதக்கற விஹெச்எஃப், அதாவது படகுகள் பேசிக்கற ரேடியோ. அது லைஃப் ஜாக்கெட்ல இருக்கணும், கயாக்ல இல்ல. கயாக் தனியா போயிட்டா அதுவும் கூடப் போயிடும்ல? அவசரத்துக்கு சானல் 16. சாதாரணமா பேசறதுக்கு கேப்டன் எந்த சானல்னு சொல்லுவார், அதைக் கைல எழுதிக்கோங்க. விசில், சின்னக் கண்ணாடி, திசைகாட்டி. உயரமான கம்பத்துல ஆரஞ்சு கொடி, ஏன்னா அலைக்குப் பின்னாடி போயிட்டா கயாக் தெரியவே தெரியாது. பிளாஸ்டிக் கயாக் ராடார்லயும் சரியா விழாது. இன்னொண்ணு, காலைல ஜிபிஎஸ்ல படகு நின்ன இடத்தைக் குறிச்சுட்டுப் போவீங்க. மத்தியானம் படகு அங்க இருக்கணும்னு அவசியம் இல்ல. அதனால ஜோடியா போங்க, மணிக்கொரு தடவை வாக்கி டாக்கில கூப்பிடுங்க.

காத்தைப் பத்தியும் சொல்லிடறேன். அங்க வடமேற்குக் காத்துதான் அதிகம். காலைல சும்மா இருக்கும், மத்தியானம் கிளம்பும். காலைல காத்தோட சேர்ந்து ஜாலியா தெற்கே போயிட்டா, திரும்பி வரும்போது எதிர்க்காத்துல மிதிச்சே உயிர் போயிடும். எப்பவும் முதல்ல காத்துக்கு எதிரா போங்க. அலுப்பானா காத்தே உங்களைப் படகுகிட்ட கொண்டு வந்து விடும்.

சரி, மீனுக்கு வரலாம். அங்க எல்லாரும் தேடிப் போறது யெல்லோடெயில். நம்ம பாரை இருக்குல்ல, அதே குடும்பம்தான். 10, 15 கிலோ மீன் சர்வ சாதாரணம். கொக்கி மாட்டின உடனே பாறைக்கோ கெல்ப்புக்கோ நேரா கீழ பாயும். பெரிய படகுல நின்னு பிடிக்கறதுக்கும் கயாக்ல பிடிக்கறதுக்கும் இங்கதான் வித்தியாசம். படகு நகராது, கயாக் நகரும். மீன் உங்களை இழுத்துட்டே போகும். ராடு நுனி எப்பவும் கயாக்கோட மூக்குப் பக்கம் இருக்கட்டும். பக்கவாட்டுல இழுத்தா கவிழ்த்துடும். மீன் அடில புகுந்து அந்தப் பக்கம் போச்சுன்னா பதறாதீங்க. ராடு நுனியைத் தண்ணிக்குள்ள நல்லா இறக்கி, மூக்கைச் சுத்தி அந்தப் பக்கம் கொண்டு வாங்க. கயாக் தானா அந்தப் பக்கம் திரும்பிடும். ஓரத்துல வச்சு இழுத்தா தூண்டில் நரம்பு அடில உரசியே அறுந்துடும்.

ராடு நாலு எடுக்கறேன், கயாக்ல ரெண்டுக்கு மேல வைக்க மாட்டேன். மிச்சம் படகுலயே இருக்கும். நரம்பு 50 பவுண்டு தாங்கற பிரெய்டு (பின்னல் நரம்பு), கொக்கிப் பக்கம் முன்னாடி 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன் (தண்ணில அவ்ளோவா தெரியாத நரம்பு). லூர்னு பாத்தா, அடிமட்டம் வரைக்கும் இறக்கி விறுவிறுன்னு சுத்தி மேல எடுக்கற இரும்பு ஜிக், அதுதான் கயாக்ல உக்காந்தவாக்குல நல்லா வேலை செய்யும். மூணு முனைக் கொக்கி எல்லாத்தையும் கழட்டிட்டு ஒத்தைக் கொக்கியா மாத்திட்டேன். மடிலயே துள்ளற மீன் வாய்ல மூணு முனை இருந்தா, அடுத்தது உங்க தொடைலதான். முடிச்செல்லாம் வீட்லயே போட்டுடுங்க. ஆடற படகுல ராத்திரி விளக்குல போடற முடிச்சை நான் நம்ப மாட்டேன்.

பிடிச்ச மீனைக் கயிறுல கோத்துத் தண்ணில தொங்க விடவே கூடாது. கடல் சிங்கம் கொக்கில இருக்கற மீனையே பிடுங்கிட்டுப் போகும். பக்கத்துல சான் பெனிட்டோ தீவுகள்ல யானை சீல் கூட்டமே இருக்கு. சீல் இருக்கற இடத்துல பெரிய வெள்ளைச் சுறாவும் இருக்கும். ரத்தத்தை வடிய விட்டு, ஐஸ் பைல போட்டு, சீக்கிரம் படகுல ஒப்படைச்சுடுங்க. உங்க நம்பர் போட்ட வில்லையை மாட்டிக் குளிர்ந்த தொட்டில போட்டுடுவாங்க. மெக்சிகோல ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 10 மீன், அதுல ஒரே வகை 5க்கு மேல கூடாது. இந்தத் தீவுகளை 2016ல உயிர்க்கோளக் காப்பகமா அறிவிச்சுட்டாங்க. கேப்டன் சொல்லாம கரைல கால் வைக்காதீங்க.

பேப்பர் விஷயம். பாஸ்போர்ட் கண்டிப்பா வேணும். மெக்சிகோ மீன்பிடி லைசென்ஸும் அனுமதிச் சீட்டும் பெரும்பாலும் படகுக்காரங்களே வாங்கிடுவாங்க, பணம் அதுல சேர்ந்திருக்கான்னு கேட்டுக்கோங்க. இந்தியப் பாஸ்போர்ட்ல ஹெச்-1பி (அமெரிக்க வேலை விசா)ல இருக்கறவங்க கொஞ்சம் கவனிங்க. செல்லுபடியாகற அமெரிக்க விசா இருந்தா மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்ல. ஆனா பாஸ்போர்ட்ல இருக்கற அமெரிக்க விசா ஸ்டாம்ப் காலாவதி ஆகியிருந்தா, படகுக்கு முன்பணம் கட்டறதுக்கு முன்னாடியே வக்கீல்கிட்ட பேசுங்க. மீன் பிடிக்கப் போன இடத்துல விசாவை மாட்டி விட்டுடாதீங்க.

ஒரு விஷயம் மனசு கனத்துத்தான் சொல்றேன். 2019 செப்டம்பர் 2ஆம் தேதி, கலிஃபோர்னியால சான்டா குரூஸ் தீவுப் பக்கம் கன்செப்ஷன்ங்கற டைவிங் படகு ராத்திரில தீப்பிடிச்சு, கீழ தூங்கிட்டு இருந்த 34 பேர் இறந்துட்டாங்க. தீ எதுல ஆரம்பிச்சுதுன்னு உறுதியா சொல்ல முடியல, ஆனா ராத்திரி ரோந்து சுத்த ஆள் இல்லைன்னு விசாரணைல வந்துச்சு. லித்தியம் பேட்டரியை ஆள் இல்லாம சார்ஜ்ல போட வேண்டாம்னு கோஸ்ட் கார்ட் (அமெரிக்கக் கடலோரக் காவல்படை) அப்பவே எச்சரிச்சாங்க. நம்மகிட்ட ஃபிஷ் ஃபைண்டர் (மீன் தேடற கருவி) பேட்டரி, கேமரா பேட்டரின்னு எல்லாமே லித்தியம்தான். படுக்கைகிட்ட சார்ஜ் போடாதீங்க. எங்க போடலாம்னு கேப்டனைக் கேளுங்க. படகு ஏறின உடனே பையை வச்சுட்டு, படுக்கை அறைல இருந்து வெளிய வர்ற ரெண்டாவது வழி எங்க இருக்குன்னு பாத்து, கையால திறந்து பாருங்க. ராத்திரி யாரு முழிச்சிருப்பாங்கன்னும் கேளுங்க. கேக்கறதுல கூச்சமே வேண்டாம்.

சாப்பாட்டைப் பத்திக் கவலை வேண்டாம், சமையல்காரர் இருப்பார். நான் ஊறுகாய், பருப்புப் பொடி எடுத்துக்குவேன், அவ்ளோதான். பை துணிப்பையா இருக்கட்டும், சூட்கேஸ் படுக்கைக்கு அடில போகாது. குமட்டலுக்கு மாத்திரையை முந்தின ராத்திரியே போட்டுடணும், வாந்தி வந்தப்புறம் போட்டா நிக்காது. காதுக்குப் பின்னாடி ஒட்டற பேட்சுக்கு டாக்டர் சீட்டு வேணும். போகும்போது அலை பின்னாடி இருந்து தள்ளும், சுகமா இருக்கும். திரும்பி வரும்போது வடமேற்குக் காத்தை முட்டிக்கிட்டு வரணும், அப்பதான் ஆட்டம். அதனால மாத்திரையை முதல் ரெண்டு நாள்லயே தீத்துடாதீங்க.

கடைசியா வானிலை. கிழக்குப் பசிபிக்ல புயல் காலம் மே 15ல இருந்து நவம்பர் 30 வரைக்கும். யெல்லோடெயில் நல்லா கிடைக்கற மாசமும் அதுக்குள்ளதான் வருது. 2023 ஆகஸ்ட்ல ஹிலாரி புயல் பாஹா கலிஃபோர்னியாலதான் கரையைக் கடந்துச்சு. கேப்டன் போக வேண்டாம்னு சொன்னா வாதாடாதீங்க. ஆபீஸ்ல லீவு போடும்போதே முன்னப்பின்ன ரெண்டு நாள் சேர்த்துக் கேட்டு வச்சுக்கோங்க. முன்பணம் திரும்பக் கிடைக்குமா, வேற தேதிக்கு மாத்தித் தருவாங்களான்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

பெடல் டிரைவைக் கழட்டி உப்பு எடுக்கறதையும், மாத்து கேபிள் போடறதையும் அடுத்த வீடியோல காட்டறேன். மாத்து துடுப்பு மட்டும் இப்பவே வாங்கிடுங்க, கடைசி வாரத்துல தேடினா நம்ம அளவுல கிடைக்காது. வரேன் மக்களே.