ஐந்து ஆறுகளைக் கடக்கும் படை

நண்பர்களே, தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். இந்தப் பாதையையே போர் விளையாட்டு அட்டையாக வரைவோம். ஓர் அறுகோணக் கட்டம் 2 கிலோமீட்டர் என்றால் சுமார் 6 கட்டம் வரும். கட்டத்துக்கு 1 புள்ளி, குறுக்கே ஆறு இருந்தால் கூடுதலாக 1. ஒரு முறைக்கு 6 புள்ளி நகரும் படை, ஆறுகள் இல்லாவிட்டால் ஒரே முறையில் போய்ச் சேரும். ஆறுகளோடு 11 புள்ளி ஆகிறது, இரண்டு முறை வேண்டும். அதற்குள் எதிராளி கரையைப் பிடித்துவிடுவார்.

கணினிப் போர் விளையாட்டிலும் இதே மாதிரிக் கணக்கு ஓடுகிறது. ஆனால் மவுஸால் இடத்தைக் காட்டினால் படை தானே வழி தேடிப் போய்விடும். தாமதத்தின் காரணம் கண்ணில் படாது. அட்டையில் ஒவ்வொரு புள்ளியையும் நாமே எண்ணுகிறோம். தோற்றால், எந்த ஆற்றங்கரையில் தோற்றோம் என்று விரல் வைத்துக் காட்டலாம். இதற்காகவே அட்டையை நான் ஒரு படி மேலே வைக்கிறேன்.

சண்டையும் அப்படித்தான். 7 வலிமையுள்ள படை 3 வலிமையுள்ள படையைத் தாக்கினால் பழைய விதிகளில் அது இரண்டுக்கு ஒன்று. மிச்சம் தாக்கப்படுபவருக்குச் சாதகமாகத் தள்ளுபடி. 2 வலிமையுள்ள சின்னப் படை ஒன்றைச் சேருங்கள்: 9-க்கு 3, மூன்றுக்கு ஒன்று. பகடை எண்ணுக்கு என்ன முடிவு என்று சொல்லும் பட்டியலில் நமக்குச் சாதகமாக ஒரு பத்தி தள்ளிப் போகிறது. புதியவர்கள் 8-க்கு 3-இல் அடித்துவிட்டுப் பகடையைக் குறை சொல்வார்கள். குறை கூட்டலில்.

கணினி தெளிவாக வெல்லும் இடம், எதிரியை மறைப்பது. 1824-இல் பிரஷ்ய (பழைய ஜெர்மானிய அரசு) ராணுவம் தன் போர் விளையாட்டில் இதற்காகவும் நடுவர் ஒருவரை நடுவில் உட்கார வைத்தது. 1997-இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்ற கணினி விளையாட்டு நம் ஆட்களின் பார்வைக்கு அப்பால் உள்ளதைத் தானே மறைத்துவிடுகிறது. மேசையில் அவ்வளவு சுத்தமாக மறைக்க இன்றும் பாடுதான்.

நம் ஊருக்கு இரண்டு எச்சரிக்கை. அரை அங்குலக் காய்கள் மின்விசிறிக் காற்றில் நகர்ந்துவிடும், விசிறியைக் குறையுங்கள். ஐப்பசி ஈரத்தில் அட்டை வளையும். வரைபடத்தின் மேல் அக்ரிலிக் தகடு போடுங்கள்.

இன்னொன்று: உணவு, குண்டு வரும் வழியைச் சரிபார்க்க இருவருமே மறப்பது அடிக்கடி நடக்கும். இரண்டு முறை கழித்துத் தெரிந்தால் பின்னால் போய்த் திருத்த முடியாது. ஆகவே, ஒரு முறையில் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி, இப்போது நடக்கும் வரியின் மேல் ஒரு காயை வைத்து நகர்த்திக்கொண்டே ஆடுங்கள்.