அரிசி போய்ச் சேர்ந்தது, அடுப்பு எரியவில்லை

(கோலாலம்பூர் செந்தூலில், வின்சென்ட் தே பவுல் திருநாளையொட்டி உணவுப் பைத் தொண்டர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

பங்குத்தந்தை அவர்களே, அன்பியப் பொறுப்பாளர்களே, சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு மூட்டை கட்ட வரும் அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே, வணக்கம். பாதர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பின்னால் மீகூன் ஆறிக்கொண்டிருப்பதும் தெரிகிறது.

ஆண்டி என்று நாங்கள் கூப்பிடும் ஒரு பாட்டியம்மா வீட்டிலிருந்து தொடங்குகிறேன். அடுக்குமாடியில் நான்காவது மாடி, லிஃப்ட் ஓடாது. பை கொடுக்கப் போனால் அவரே கீழே இறங்கி வந்து வாங்கிக்கொள்வார். நாங்களும் நல்லதாய்ப் போயிற்று என்று அடுத்த புளோக்குக்கு ஓடிவிடுவோம். மூன்று மாதம் இப்படியே போனது. நான்காவது மாதம் அவருக்கு முட்டி வலி, இறங்க முடியவில்லை. நானும் ஒரு தம்பியும் ஏறிப் போனோம்.

மேசைக்கு அடியில் நாங்கள் கொடுத்த மூன்று அரிசி மூட்டைகளும் பிரிக்காமல் இருந்தன. பேரப்பிள்ளைகள் இருவரும் மேகியை வேக வைக்காமலே நொறுக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். அடுப்பைத் திருகிப் பார்த்தேன், கேஸ் இல்லை. 14 கிலோ தோங்கின், அதாவது கேஸ் சிலிண்டரின், கட்டுப்பாட்டு விலை 26 வெள்ளி 60 காசு. நான்கு மாடி தூக்கி வருவதற்குக் கூலி வேறு. “ஏன் ஆண்டி சொல்லவே இல்லை?” என்று கேட்டேன். “அரிசி கொடுக்கிற பிள்ளைங்ககிட்ட கேஸும் கேக்கச் சொல்றியாய்யா?” என்றார்.

எங்கள் கணக்குப் புத்தகத்தில் அந்த வீட்டுக்கு நேராக மூன்று மாதமும் சரி என்று குறி போட்டிருந்தோம்.

1833இல் பாரிசில் நம்முடைய இந்த வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கிய பிரடெரிக் ஓசானாம் அப்போது 20 வயது மாணவர். அவரும் நண்பரும் ஓர் ஏழை வீட்டுக்கு முதலில் கொண்டுபோனது தங்களிடம் மிச்சமிருந்த விறகு என்று சபையில் சொல்வதுண்டு. நமக்கு வந்த புத்தி அந்தப் பையன்களுக்கு முதல் நாளே வந்துவிட்டது. அன்றிலிருந்து சபையின் பழக்கம், இருவராக வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசுவது. நாம் கூட்டம் சேர்ந்ததும் அதை விட்டுவிட்டு, வாசலோடு திரும்பப் பழகிவிட்டோம்.

இன்னொன்றையும் யோசிக்கிறேன். விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில் வரும் தகராறே சாப்பாட்டுப் பங்கீட்டில்தான். கிரேக்கம் பேசும் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று முறையீடு. உடனே ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள், எல்லாமே கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்கள் கையிலேயே பந்தியைக் கொடுத்த மாதிரி இருக்கிறது. நாமோ தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த ஆண்டியிடம் மலாய்மொழிப் படிவத்தை நீட்டி, நிரப்பிக் கொடுங்கள் என்கிறோம். இப்போது அந்தப் புளோக்கின் பட்டியலை வைத்திருப்பவர்கள், முன்பு நம்மிடம் பை வாங்கிய இரண்டு அக்காமார். யார் வீட்டில் வேலை போனது, யார் வீட்டுக்கு ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார் என்று அவர்களுக்கு நம்மைவிட ஒரு வாரம் முன்னாடியே தெரியும்.

பைக்குள் என்ன வைக்கிறோம் என்பதையும் பேச வேண்டும். நாம் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் இந்துக் குடும்பங்கள். ஒரு தடவை நன்கொடையாக வந்த மாட்டுக்கறி டின்னைப் பார்க்காமல் போட்டுவிட்டோம். அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, டின்னை மட்டும் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். இப்போது புரட்டாசி. சார்டினை எடுத்துவிட்டுப் பருப்பைக் கூட்டி வையுங்கள். ஜெபச்சீட்டு வைக்கலாமா என்று போன வாரம் கேட்டீர்கள். வேண்டாம், பையில் சாப்பாடு மட்டும் போகட்டும்.

சீனி, மேகியைக் குறைத்து முட்டை, நெத்திலி வாங்கலாம் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் உண்டு. கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளைப் பற்றி யுனிசெஃப் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். வயிறு நிரம்பினால் போதும் என்று நாம் விட முடியாது. ஆனால் 2023 செப்டம்பரில் இறக்குமதி அரிசி விலை ஏறி, 10 கிலோ 26 வெள்ளி உள்ளூர் அரிசி கடைகளில் கண்ணில் படாமல் போனபோது, முட்டைக்கு வைத்திருந்த காசையெல்லாம் அரிசியே விழுங்கிவிட்டது. பொருளாளர் அக்காவுக்கு அந்த மாதம் மறக்காது.

அப்புறம் படம். இது என் தப்பு. பையை வாங்கும் ஒரு சிறுமியைப் படம் எடுத்து, நன்கொடையாளர்களுக்குக் காட்டலாமே என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அது அவள் வகுப்புப் பிள்ளைகள் கைக்கே போய்விட்டது. அடுத்த மாதம் அந்த வீட்டில் விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. சபைக் கூட்டத்தில் காணிக்கைக்காக நாம் சுற்றவிடும் துணிப்பையில் எல்லாரும் கையை விடுகிறோம். போட்டவர் யார், வெறுங்கையை விட்டவர் யார் என்று தெரியாது. நமக்கு நாமே பார்க்கும் அந்த மரியாதை அந்தப் பிள்ளைக்கும் உண்டு. இனிமேல் கணக்குக் காட்ட ரசீது போதும்.

சரி, வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்கு மூட்டை கட்டுகிறோம். கட்டுவதற்கு ஆள் இருக்கிறது, மாடி ஏறத்தான் ஆள் குறைவு. இரண்டிரண்டு பேராகப் போங்கள். தண்ணீர் கொடுத்தால் உட்கார்ந்து குடியுங்கள், குடிக்கும்போது அடுப்புப் பக்கம் ஒரு பார்வை. ஆண்டி வீட்டுத் தோங் இந்த வாரம் முடியும் என்று பட்டியல் அக்கா சொல்கிறார். முதுகு நன்றாக இருக்கும் தம்பிகள் இரண்டு பேர் மீகூன் சாப்பிட்ட பிறகு என்னை வந்து பாருங்கள்.