ஒரே மெஷின், இரண்டு வியாதி

வணக்கம் நேயர்களே. செகண்ட் ஹேண்ட் பாகங்களை வைத்துக் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்களுக்காகப் பேச முடியுமா என்று நிலையத்தில் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை, ஏனென்றால் அந்த நேரம் அப்படி ஒரு மெஷினோடுதான் வீட்டில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

மெஷின் என் அக்கா மகனுடையது. கல்லூரியில் படிக்கிற பையன். சனிக்கிழமை சனிக்கிழமையாகச் சென்னை ரிச்சி தெருவில் அலைந்து, ஐ5 3470 பிராசஸர், எச்61 மதர்போர்டு, நாலு ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகப் பேரம் பேசி வாங்கியிருக்கிறான். எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற டப்பாவான எஸ்எம்பிஎஸ்ஸைக் கடைக்காரர் கேபினெட்டோடு சேர்த்தே கொடுத்துவிட்டார். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் போன். "மாமா, தானா ஆஃப் ஆகுது மாமா."

நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை விண்டோஸ் போட்டுவிட்டான். டிரைவரையெல்லாம் புதுப்பித்து, ரேமை இடம் மாற்றி, பயாஸை ரீசெட் செய்து, அத்தனையும் ஒரே ராத்திரியில். இதில்தான் எனக்குக் கோபம் வரும். நாலு விஷயத்தை ஒன்றாக மாற்றிவிட்டால், மெஷின் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, சரியாகாவிட்டாலும் எது காரணமில்லை என்று தெரியாது.

நான் ஸ்குரூ டிரைவரை எடுக்கவில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டேன். ஒவ்வொரு தடவை விழும்போதும் மணி என்ன, என்ன ஓடிக்கொண்டிருந்தது, எப்படி விழுந்தது என்று மூன்றே விஷயம் எழுதச் சொன்னேன். ஒரு வாரத்தில் பதினொரு வரி. படித்துப் பார்த்தால், ஏழு தடவை சும்மா பிரவுசரில் இருக்கும்போது, விண்டோஸ் பிழையில் மாட்டி நின்றுபோனால் காட்டுகிற நீலத்திரை வந்திருக்கிறது, அதிலும் ஒவ்வொரு தடவை வேறு வேறு பிழைப் பெயர். மீதி நாலு தடவை கேம் ஆடும்போது, நீலத்திரையும் இல்லை ஒன்றும் இல்லை, ஸ்விட்சை அணைத்த மாதிரி பொட்டென்று இருட்டு. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் அந்த நாலுக்கும் கெர்னல் பவர் 41 என்று ஒரு பதிவு மட்டும் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், முறையாக அணையாமல் மெஷின் திரும்ப எழுந்தது என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதையும் சொல்லாது.

சூட்டையும் பார்த்துவிட்டேன். பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும். இவனுடையது எழுபது டிகிரியைத் தாண்டவில்லை. போர்டில் கரண்டைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் எதுவும் கெட்டுப்போன அடையாளமாகத் தலை உப்பியிருக்கவில்லை. நீலத்திரையில் தடவைக்கு ஒரு பிழைப் பெயர் வந்ததால் அடுத்த சந்தேகம் ரேம்.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 என்று ஒரு புரோகிராம் இருக்கிறது, பென் டிரைவில் போட்டு விண்டோஸுக்குள் போகாமலே ஓட்டலாம். ஒரு ரேமை மட்டும் ஒரே ஸ்லாட்டில் செருகி ராத்திரி முழுக்க ஓடவிட்டோம், காலையில் சுத்தம். மறுநாள் அதே ஸ்லாட்டில் இரண்டாவது ரேம், ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே திரையில் சிவப்பு வரிகள் கொட்டின. கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் இருக்கிற தங்க நிறப் பற்கள் பளபளவென்று இருக்க வேண்டும், இதில் ஒரு ஓரமாக மங்கலாக, யாரோ எண்ணெய்க் கையால் தொட்ட மாதிரி ஒரு படலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூளை நன்றாகத் தட்டிவிட்டு மறுபடி செருகினேன். அன்று ராத்திரி நாலு சுற்று ஓடியும் ஒரு பிழை இல்லை. எல்லா ரேமும் ரப்பருக்கு மசியாது, சில்லே போயிருந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

அப்புறம் நீலத்திரை வரவே இல்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து, "மாமா, உங்க ரப்பர் வைத்தியம் பலிக்கலை, கேம்ல திரும்பவும் போச்சு." பலித்ததடா, அது வேற வியாதி, நோட்டைப் பார் என்றேன். புதுப் பாகங்களில் கட்டிய மெஷின் என்றால் பெரும்பாலும் கோளாறு ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் இது ஐந்து வீட்டில் வாழ்ந்த பொருட்கள் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிற இடம், ஒவ்வொன்றும் தன் பழைய சீக்கைக் கூடவே கொண்டுவரும்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பி ஸ்டிக்கரைப் படித்தோம். 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். பிராசஸரும் கார்டும் பெரும்பாலும் கரண்ட் இழுப்பது இந்த 12 வோல்ட்டில்தான். பெருக்கினால் 192 வாட்தான் வருகிறது. பிராசஸருக்கு 77 வாட், கார்டுக்கு 120 வாட், அதுவே 197 ஆகிவிட்டது, ஃபேனையும் டிஸ்க்கையும் இன்னும் சேர்க்கவே இல்லை! பையன் கணக்குப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை.

உறுதிப்படுத்த மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சும்மா கிடந்த ஒரு பவர் கனெக்டரின் 12 வோல்ட் வரும் மஞ்சள் வயரிலும் கருப்பு வயரிலும் முனைகளை வைத்தேன். சும்மா இருக்கும்போது 11.9. கேமைத் திறந்ததும் 11.2. ஐந்து சதவீதம் முன்னே பின்னே போகலாம் என்பது கணக்கு, அதாவது 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. கண நேரம் விழுந்து எழுகிற வோல்ட்டேஜ் மீட்டரில் தெரியாது என்பதால், மீட்டர் சரியாகக் காட்டினாலும் முழுசாக நம்பிவிடாதீர்கள். இன்னொன்று, எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற கெபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும்.

இந்த ஒன்றை மட்டும் புதிதாக வாங்க வைத்தேன். போட்ட அன்றைக்கு மூன்று மணி நேரம் ஆடினான், அதற்குப் பிறகு நோட்டில் புது வரி ஏறவில்லை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸை என்ன செய்யலாம், ரிச்சி தெருவிலேயே ஏதாவது ஒரு கடையில் தள்ளிவிடலாமா என்று கேட்டான். கட்டிங் பிளேயரை எடுத்து அதன் வயர்களை ஒட்ட நறுக்கிவிட்டுத்தான் அவன் கையில் கொடுத்தேன்.